இடப்பக்கம் இழுக்கும் வண்டி

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலை முதல் மழை. குளித்துவிட்டு நிமிர்ந்தபோது வலது பொட்டில் ஆணி அடித்தாற்போல் வலி. சுக்குக் காப்பி. போய்விட்டது.

இன்று சக்கரம் மாற்றினேன். பதினேழு அங்குலத்தைக் கழற்றிப் பத்தொன்பது. கள்ளிக்குப்பத்தில் சேவியர் டயர்க்கடை. அவன் வேண்டாம் என்றான்.

"பத்தொம்போது போட்டா பாக்க கெத்தா இருக்கும் அண்ணாத்தே. ஓட்றதுக்கு பதினேழுதான். நம்ம ரோடு இன்னா ரோடுன்னு உனுக்குத் தெரியாதா?"

தெரியும். படித்துத்தான் முடிவு செய்தேன். அகல டயர் தரையை அதிகம் பிடிக்கும். பக்கச்சுவர் குட்டையானால் வளைவில் துவளாது. இரண்டும் உண்மை. ரேடியோ ரிப்பேர் முதல் இன்றுவரை எனக்கு ஒருவரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. இனியும் வேண்டாம்.

ஞாபகத்துக்கு:
பழையது 225/45, 17.
புதியது 235/35, 19.
பழைய சக்கரங்கள் சேவியர் கடைப் பரணில். கொடுத்துவிடாதே என்று சொல்லியாயிற்று.

வண்டிக்கு முன்னால் இலை போட்டு, எலுமிச்சம்பழத்தை வரிசையாக வைத்து, சூடம் காட்டினான். பிறகுதான் சக்கரத்துக்கு அடியில் வைப்பான். சேவியர் கும்பிடுவது வேறு சாமி. ஆனாலும் புது டயர் போட்ட வண்டி பழம் நசுக்காமல் அவன் கடையை விட்டு நகராது. கைபேசியில் படம்கூட எடுத்தான். வரிசையில் இரண்டே பழம். நாலு சக்கரத்துக்கு இரண்டு பழமா? கஞ்சன். கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்?

வீட்டில் யாரும் வெளியே வந்து பார்க்கவில்லை. கோவில்பதாகை நிலத்தை விற்று வந்த என் பங்கில் நான் வாங்கிய வண்டி. மஞ்சள், இரண்டே இருக்கை, கியர் தானாக மாறும். இந்த வயதில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று மாப்பிள்ளை முருகன் மாடிப்படியில் யாரிடமோ போனில் சிரித்தது என் காதில் இன்னும் இருக்கிறது. மகள் கலை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

நவம்பர் 5, புதன்

தூறல். ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை, திரும்ப.

குறித்தவை:
1. கிளம்பும்போது தயக்கம். முன்பு மிதித்தால் பாயும். இப்போது யோசித்துவிட்டுப் போகிறது.
2. பிரேக் பிடித்தால் கொஞ்சம் தள்ளியே நிற்கிறது.
3. பள்ளம் நேராக முதுகெலும்பில்.
4. அறுபது காட்டும்போது உண்மையில் அறுபதைத் தாண்டி ஓடுகிறது. புதிய சக்கரத்தின் சுற்றளவு நூற்றுக்கு இரண்டு அதிகம். மீட்டருக்கு அது தெரியாது.
5. இடப்பக்கம் இழுக்கிறது.

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுவதுபோல. கயிறு நீண்டால் சுழற்றவும் பாடு, நிறுத்தவும் பாடு. பெரிய சக்கரத்தில் இரும்பும் அலுமினியமும் அச்சைவிட்டு விலகிப் போய்விட்டன. ஐந்தாவதுக்கும் காரணம் உண்டு. அகல டயர் சாலையின் வடுவைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியில் போகும். போதாததற்கு மழைநீர் வடிய நம் சாலைகள் எல்லாம் இடப்பக்கம் சரிவு.

ஆக எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு.

ஆனாலும் ஓட்டும்போது தோன்றியது அதுவல்ல. பக்கத்தில் யாரோ கனத்த ஆள் ஏறி உட்கார்ந்ததுபோல.

வீடு வந்ததும் கலை: "நைனா, ஒத்தக் கால்ல செருப்பு போட்டுகினா பூந்தமல்லி வரிக்கும் போய்ட்டு வந்த?"

இடது கால் செருப்பைக் காணோம். நாய் தூக்கியிருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

வாசல் கேட்டில் உரசிவிட்டது. இடது முன்சக்கரத்தின் விளிம்பு முழுக்கச் சீவினாற்போல் இருக்கிறதாம். இடது கண்ணாடியும் மடங்கித் தொங்குகிறதாம். எல்லாம் கலை சொல்லித்தான். சக்கரம் முன்னைவிட ஒரு விரல் அளவு வெளியே நிற்கிறது, உரசாமல் என்ன செய்யும் என்றேன்.

"கேட்டு நவுந்து வந்து ஒரசுச்சா? பத்து வருசமா அதே கேட்டுதான் நைனா."

பக்கச்சுவர் குட்டையான டயரில் விளிம்புக்குக் காவல் இல்லை என்று சொன்னால் அவளுக்குப் புரியவா போகிறது?

கோபத்தில் சோற்றைக் குறைத்துவிட்டாள். பாதித் தட்டுதான். இன்னும் போடு என்றேன்.

"மொதல்ல தட்டுல கீறத துன்னு."

தட்டில் ஒன்றும் இல்லை. தடவிக்கூடக் காட்டினேன். அவள் தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பினாள். சோறு இருந்தது. கத்தரிக்காயும் இருந்தது. அவள் எதையும் போடவில்லை. கரண்டி சட்டியிலேயே இருந்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாப்பிட்டேன். ருசியில் குறை இல்லை. ஆனால் எங்கிருந்து வந்தது?

இந்த ஆண்டு டைரியும் குறுகல். வரிக்கு மூன்று நான்கு வார்த்தைக்குமேல் கொள்ளவில்லை. எல்லாவற்றிலும் ஏமாற்று.

நவம்பர் 8, சனி

காலை பெருமழை, பிறகு வெயில்.

சென்னீர்குப்பம்வரை போனேன். தேங்கிய நீரில் ஒருமுறை வண்டி மிதந்தது. ஸ்டீரிங் கையில் இருக்கிறது, சாலை கையில் இல்லை. அகல டயரின் இன்னொரு குணம்: நீரைக் கிழிக்காது, ஏறி மிதக்கும். படித்திருக்கிறேன். அனுபவித்தது இன்றுதான்.

பிறகு நடந்ததை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பிய பிறகு காலிச் சாலை. ஒருவரும் இல்லை. சத்தியமாக இல்லை. திடீரென்று இடப்பக்கம் ஒரு அலறல், தட் என்று ஒரு சத்தம். நிறுத்தினேன். பூக்கூடை கவிழ்ந்து சாமந்தி முழுக்கத் தண்ணீரில். ஒரு பூக்காரம்மா என் கதவுப் பக்கம் சுற்றி வந்து நின்று கத்துகிறாள்.

"யோவ் பெர்சு! கண்ணு இன்னா பொடனிலயா கீது? அவ்ளோ தூரத்துலருந்து கைய காட்டிகினே கீறேன், பாத்துகினே ஏத்த வர்றியே!"

எங்கே இருந்தாய் என்று கேட்டேன். அதற்கும் திட்டினாள். அடி படவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பி நடந்தாள், சாலை மறுபடியும் காலி. நடந்து மறையவில்லை. அணைத்த விளக்குபோல்.

திரும்பும் வழியெல்லாம் இடது இருக்கையில் மூச்சு. எஞ்சின் சத்தமில்லை, இரைக்கும் மூச்சு. திரும்பிப் பார்த்தால் இருக்கையே சரியாகப் பிடிபடவில்லை. சுரங்கத்தின் வாயைப் பார்ப்பதுபோல்கூட இல்லை. இருட்டாவது தெரியும்.

கலையிடம் சொல்லக் கூடாது. சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவாள். வண்டி போனால் நான் மாடியறை, மருந்து, தொலைக்காட்சி. அவ்வளவுதான்.

நவம்பர் 10, திங்கள்

டீக்கடையில் நுழைந்ததும் சிரிப்பு. "இன்னா பெர்சு, பாதி ஷேவிங்ல கரண்டு பூட்ச்சா?" முழு முகமும்தான் மழித்தேன். கண்ணாடியில் பார்த்துத்தான் மழித்தேன். தடவிப் பார் என்றான் ஒருவன். தடவவில்லை. எழுந்து வந்துவிட்டேன். டீ அப்படியே.

அம்பத்தூர் பக்கம் சிக்னல். நல்ல வெயில், பகல். சும்மா கீழே குனிந்தேன்.

கியர் தண்டின்மேல் ஒரு கை.

கிழவன் கை. நரம்பு எழும்பி, நகம் வளர்ந்து, மணிக்கட்டில் நாலைந்து நரைமுடி. வெள்ளி மோதிரம், என்னுடையதைப் போலவே, பார்த்துச் செய்துகொண்டிருக்கிறான். என் வலது கையால் தொட்டேன். சில்லென்று இருந்தது. பிணத்தின் சில்லிப்பு இல்லை. மழையில் நின்றுவிட்டு வந்தவனின் சில்லிப்பு.

"எடுடா" என்றேன்.

எடுக்கவில்லை.

பின்னால் ஹாரன். அந்தக் கையை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டினேன். வேறு என்ன செய்வது? வீடு வரும்வரை அது கியர் தண்டை விடவில்லை. ஒருமுறைகூடத் தொந்தரவு செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

யோசித்ததில் ஒன்று தெளிவு. இவை எல்லாம் சக்கரம் மாற்றிய அன்று தொடங்கியவை. ஆகவே சக்கரம். நாளையே பதினேழுக்குத் திரும்ப வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

மூடிய வானம். சேவியர் கடை.

பரணிலிருந்து பழைய சக்கரங்களை இறக்கினான். கழற்றிய சக்கரத்தையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித் தூக்கிப் பார்க்கச் சொன்னான். தூக்கினேன், கனம் புரிந்தது. "ரெண்டு கையாலயும் தூக்கு அண்ணாத்தே" என்றான். இரண்டு கையாலும்தான் தூக்கினேன். அவன் ஒரு மாதிரி பார்த்தான்.

இந்தத் தடவையாவது நாலு பழம் வை என்று சொல்லிவிட்டேன்.

"போன தபாவும் நாலுதான் வெச்சேன்."

"இரண்டு."

"இன்னா அண்ணாத்தே, எலுமிச்சங்காய்லயா உன்ன ஏமாத்தப் போறேன்? இந்தா பாரு." கைபேசியை நீட்டினான். அன்றைய படம். இலை, சூடம், பழம். இரண்டு பழம். எண்ணிக் காட்டினேன்: ஒன்று, இரண்டு.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கைபேசியை மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினான். நகர நகர மூன்றாவது பழம். நாலாவது பழம். தட்டில் சோறு வந்ததுபோலவே.

"இவ்ளோ நேரம் இது தெரியலயா உனுக்கு?" என்று கேட்டான். என்னவோ வேலை இருப்பதுபோல் கைபேசியோடு உள்ளே போனான். யாரிடமோ தாழ்ந்த குரலில் பேச்சு.

அவன் ஏதோ வித்தை காட்டினான். நாளை யோசிப்போம்.

பதினேழே சரி என்று நான் எப்போதோ சொன்னது. இவன்தான் கெத்து, கெத்து என்று ஆசை காட்டினான்.

நவம்பர் 12, புதன்

பதினேழோடு ஓட்டம். குறித்தவை:

1. பாய்ச்சல் திரும்பிவிட்டது. மிதித்த காலுக்கு மரியாதை.
2. பிரேக் பழையபடி.
3. பள்ளம் டயரோடு நின்றுவிடுகிறது; முதுகுக்கு வருவதில்லை.
4. வேகம் காட்டுவது சரி.

நாலும் சொன்னபடி. சிறிய சக்கரம், எடை குறைவு, பக்கச்சுவர் உயரம். இந்த வண்டியைச் செய்தவன் முட்டாள் இல்லை. அவன் பதினேழு என்று வைத்தது எஞ்சினுக்கும் அச்சுக்கும் கணக்குப் போட்டு.

5. இடப்பக்கம் இழுக்கிறது.

நேற்றைவிட அதிகம். இருமுறை நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கினேன். இடது இருக்கைக்காரன் இறங்கவில்லை. சக்கரம் போனது, அவன் போகவில்லை.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டு விட்டு. முருகன் கேட்காமலே சாவியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தான்.

"ஸ்டீரிங்க லேசா விட்டே பாத்தேன் மாமா. நூல் புடிச்சாப்ல போவுது. எங்க இழுக்குது?"

நீ கனத்த ஆள், வலப்பக்கம் அழுத்திக்கொள்கிறாய், அதனால் சமமாகிவிடுகிறது என்றேன். அவன் கலையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். சேவியர் போன் செய்திருக்கிறான். பூக்காரம்மா விஷயமும் எப்படியோ வந்துவிட்டது.

"டாக்டராண்ட போவோம் நைனா."

வண்டிக்கு என்ன டாக்டர் என்றேன்.

"சரி. ஞாயித்துக்கெழம நான் பக்கத்துல குந்திகினு வர்றேன். பூந்தமல்லி போய்ட்டு வருவோம். எங்கயாவது ஒரு தபா இடிச்ச, ஒரசுன, சாவி எங்கிட்ட வந்துரணும். வண்டிய வித்துருவோம். அப்புறம் நான் சொல்ற எடத்துக்கு வரணும்."

"உரசாவிட்டால்?"

"ஒன்னும் பேசமாட்டேன். நீ சாவறவரிக்கும் ஓட்டு."

சரி என்றேன். கைகூடக் கொடுத்தேன். கலை வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால், அங்கே ஏற்கெனவே இருப்பவன் எங்கே போவான்? போய்த்தான் ஆக வேண்டும். இடம் ஒன்றுதானே.

நவம்பர் 15, சனி

வண்டியைக் கழுவினேன். காற்று சரிபார்த்தேன். கலை வந்து, இடப்பக்கம் முழுக்கச் சேறு அப்படியே இருக்கிறது என்றாள். இன்னொரு முறை கழுவினேன். மறுபடியும் இருக்கிறது என்றாள். அவளிடமே குழாயைக் கொடுத்துவிட்டேன். அவள் கழுவும் சத்தம் கேட்டது. அழுகிற சத்தமும். தண்ணீர்ச் சத்தமாக இருக்கலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

வெளுத்த வானம். காற்றில்லை.

வெள்ளைச் சட்டை. செருப்பு இரண்டும் கலை மாட்டிவிட்டாள். நான் முதலில் ஏறினேன். எஞ்சினைப் போட்டேன். இருக்கை, கண்ணாடி, பெல்ட்.

காத்திருந்தேன்.

வழக்கம்போல் தாமதம். அவள் அம்மாவும் இப்படித்தான். கிளம்பும் நேரத்தில்தான் அடுப்பைப் பார்க்கப் போவாள். ஒரு ஹாரன் கொடுத்தேன். எதிரில் கேட்டருகே முருகன் நின்றிருந்தான். என்னைப் பார்க்காமல் எனக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தான். கலை எங்கே என்று சைகை காட்டினேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

இன்னொரு ஹாரன். "கலை! வருகிறாயா இல்லையா?" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

இடது காதருகே மூச்சு. அதே இரைப்பு. பிறகு குரல்.

"நைனா. நான் ஏறிக் குந்தி எவ்ளோ நேரமாச்சு."

கலையின் குரல்தான். ஆனால் கலை இல்லை.

"எங்கே இருக்கிறாய்?"

"ஒம் பக்கத்துலதான் கீறேன். ஒங் கையப் புடிச்சிகினு கீறேன் நைனா."

என் கையை யாரும் பிடித்திருக்கவில்லை. என் கை ஸ்டீரிங்கில் இருந்தது.

இந்த வயதில் பயந்ததாக எழுத எனக்கு வெட்கமில்லை. எஞ்சினை அணைத்தேன். கதவு திறந்து மூடும் சத்தம். என் வலப்பக்கக் கதவருகே கலை வந்து நின்றாள். முழுசாக. முகமெல்லாம் நனைந்து.

"இப்ப தெரியிறனா?"

தெரிந்தாள்.

வண்டி ஒரு அடிகூட நகரவில்லை. உரசவில்லை, இடிக்கவில்லை. ஆகவே நான் தோற்கவில்லை. அதைச் சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை. ஆட்டோவில் நடுவில் உட்காரவைத்து ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு.

நவம்பர் 19, புதன்

ஆஸ்பத்திரி. ஜன்னல் இல்லாத அறை. கலை ஜன்னல் இருக்கிறது என்கிறாள்.

மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதாம். வலது மூளைதான் இடப்பக்கத்தைக் கவனிக்கிறதாம். கண் நன்றாக இருக்கிறது; ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துவிட்டதாம். தட்டில், முகத்தில், சாலையில், காகிதத்தில். டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள். எப்போது தலைவலித்தது என்று கேட்டாள். நாலாம் தேதி காலை.

"அன்றுதான் சக்கரம் மாற்றினேன்" என்றேன். "எழுதிக்கொள்ளுங்கள்." அவள் எழுதவில்லை.

நன்றாகத் தெரிந்த பொருள் ஏதாவது வரையச் சொன்னாள். சக்கரம் வரைந்தேன். பதினேழு அங்குலம், ஆரங்கள், நடுவில் நட்டுகள், வெளியே டயர், பக்கச்சுவர் உயரம் அளவோடு. இந்த ஆஸ்பத்திரியில் வேறு எவன் வரைவான்? கலை வாங்கிப் பார்த்தாள்.

"ஏன் நைனா பாதியோட உட்டுட்ட?"

முழுச் சக்கரம். விரலால் சுற்றிக்கூடக் காட்டினேன். அவள் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பிறகு டாக்டர் அந்தக் கையைத் தூக்கி என் கண்ணெதிரே, வலப்பக்கமாகக் கொண்டுவந்தாள். வெள்ளி மோதிரம். நகம்.

"ஐயா, இது யார் கை?"

"வண்டியில் என்னோடு வந்தவனுடையது" என்றேன். உள்ளது அதுதான்.

"அப்ப உங்க இடது கை எங்க?"

நல்ல கேள்வி. பதில் யோசிக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

வீடு. மழை. மாத்திரைகள்: வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று. கைத்தடி கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் என் வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டாள் கலை. கட்டில், சொம்பு, நாற்காலி. அவளும் வலப்பக்கமே வந்து நிற்கிறாள். வரும்போதே, "நைனா, நான்தான், வரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறாள், ரயில் வருவதுபோல்.

வண்டியை வாங்க நாளை ஆள் வருகிறதாம். பதினேழு போட்ட வண்டி, நேராக ஓடுகிறது என்று முருகன் போனில் சொல்கிறான். நேராக ஓடுகிறதாம். என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாததா?

சாவியைச் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மாடிக்குப் போனதும் எடுத்துவிட்டேன். கேட்டைத் தாண்டி ஒரு சுற்று. உரசாமல் வந்து நின்று காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. அவள் கொடுத்த வாக்கு அது. வாசல்வரை போனேன். படியிறங்கத் தடியை வலது கையில் எடுக்க வேண்டியிருந்தது. சாவியை மாற்றி வைத்துக்கொண்டேன்.

வண்டியருகே போனால் சாவி இல்லை.

சட்டைப்பை, வேட்டி மடிப்பு, படி, செம்மண், எங்கும் இல்லை. கலை இறங்கி வந்துவிட்டாள்.

"சாவிய எங்க நைனா வெச்ச? கொட்த்துரு."

"என்னிடம் இல்லை."

பொய் இல்லை. வீட்டையே கவிழ்த்துத் தேடுகிறார்கள். முருகன் வாசலை ஒட்டிய ஓடையில் டார்ச் அடிக்கிறான். நான் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காற்று பலமாக இருக்கிறது. ஆனால் தாள் பறக்கவில்லை. எழுத எழுத நகராமல் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். டைரியை வலப்பக்கம் நகர்த்தினேன். தாளோடு கூடவே வந்தது அந்தக் கை. நகமெல்லாம் யாரோ ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

விரலிடுக்கில் சாவி.

பிடுங்கிப் பார்த்தேன். தரவில்லை.